சனிக்கிழமையை வாங்கிக் கொடுத்தது யார்?

இங்கே ஞாயிறு மாலை நான்கு மணி என்றால் ஊரில் இரவு எட்டரை. அப்பா பனியன் கம்பெனியிலிருந்து வந்து குளித்து முடித்துச் சாப்பிட உட்காரும் நேரம். வாரம் தவறாமல் அந்த நேரத்துக்குத்தான் பேசுவோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த உரையாடல் இது.

"நேத்து எங்க கண்ணு போயிருந்த? போனே எடுக்கல?"

"மலைக்குப் போயிருந்தேனுங்கப்பா."

"அங்க மலைல கோயில் இருக்குதா?"

"கோயில் எல்லாம் இல்லீங்கப்பா. சும்மா நடக்கறதுக்கு."

"சும்மா நடக்கறதுக்கா? அதுக்கு ரயில் டிக்கெட் எடுத்துட்டா போன?"

அப்பா கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அன்றைக்கும் ஷிப்மென்ட் அவசரம் என்று அவர் வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். திருப்பூரில் பவர் டேபிள் ஓட்டுகிறவர்களுக்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு மணி நேரம். அப்படிச் சம்பாதித்த பணமும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் என்னை மான்செஸ்டருக்கு அனுப்பின. நானோ சனிக்கிழமையானால் புளிசாதம் கட்டிக்கொண்டு மலை ஏறப் போகிறேன்!

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்பாவின் கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்சம் படித்தேன். சும்மா நடக்கப் போவதற்காக இந்த ஊரில் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு நூலைப் பிடித்து இழுத்ததில் மொத்தச் சேலையும் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சனிக்கிழமை: ஸ்டைல்

வந்த புதிதில் நான் போன முதல் இடம் ஸ்டைல் என்ற கிராமத்தில் இருக்கும் குவாரி பேங்க் மில். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் வில்ம்ஸ்லோ போய் இறங்கி, பொலின் என்ற சிற்றாற்றின் கரையோடு நடந்தால் வந்துவிடும். சாமுவேல் கிரெக் என்பவர் 1784-ல் தொடங்கிய நூற்பு ஆலை. இப்போது அருங்காட்சியகம். உள்ளே பழைய தறிகளை இன்னமும் ஓட்டிக் காட்டுகிறார்கள். "சத்தம் அதிகமாக இருக்கும், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்" என்று எச்சரிக்கை வேறு. விசைத்தறிச் சத்தத்தில் தொட்டிலில் தூங்கி வளர்ந்தவனிடம் சொல்கிறார்கள் :-) இந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் லங்காஷயர் நெசவாளப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். எங்கள் சித்தப்பா தறிக்கூடத்தில் பேசுவதும் அப்படித்தான்.

ஆலைக்குச் சற்றுத் தள்ளி 1790-ல் கட்டிய ஒரு வீடு இருக்கிறது. அனாதை இல்லங்களிலிருந்தும் ஏழை விடுதிகளிலிருந்தும் கொண்டுவந்த குழந்தைத் தொழிலாளர்கள் தங்கிய வீடு. வேலை பழகுகிறார்கள் என்று பெயர். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வேலை, வாரத்துக்கு ஆறு நாள். ஞாயிறு ஒன்றுதான் ஆலை ஓடாத நாள். அந்த நாளும் தேவாலயம், பாடம் என்று போய்விடும்.

1806-ல் இங்கிருந்து இரண்டு பையன்கள் ஓடிப்போனார்கள். ஜோசப் செஃப்டன், வயது 17. தாமஸ் பிரீஸ்ட்லி, வயது 13. இருவரும் லண்டன் ஹாக்னியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பிரீஸ்ட்லி இயந்திரத்தில் ஒரு விரலை இழந்திருந்தான். தன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவன் கிளம்பினான். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது லண்டன். அங்கே நீதிபதிகள் முன் அவர்கள் சொன்ன வாக்குமூலம் எழுதிவைக்கப்பட்டதால்தான் இன்றைக்கு நமக்கு அவர்கள் பெயர் தெரிகிறது. அம்மாவைப் பார்த்துவிட்டு வர ஒரு விடுமுறை என்ற பேச்சே இல்லாத காலம் அது. பார்க்க வேண்டுமானால் ஓடத்தான் வேண்டும்.

அரை சனிக்கிழமை

அப்போதைய தொழிலாளிகளுக்கு ஓய்வே இல்லையா என்றால், அவர்களாக எடுத்துக்கொண்ட ஓய்வு ஒன்று இருந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு குடித்து, திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போடுவார்கள். இதற்கு 'புனிதத் திங்கள்' என்று கிண்டலாகப் பெயர். சம்பளம் வாங்கிய மறுநாள் நம்ம ஊர் கம்பெனிகளில் எத்தனை மெஷின் காலியாகக் கிடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கைத்தொழில் செய்தவர்களுக்கு இது முடிந்தது. நீராவி இயந்திரம் வந்த பிறகு முதலாளி விடவில்லை. கொதிகலனுக்கு நிலக்கரி போட்டுவிட்டு ஆள் வராமல் இருந்தால் நஷ்டம் அல்லவா?

இந்தத் திங்களை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாகக் கிடைத்ததுதான் சனிக்கிழமைப் பிற்பகல் என்று சொல்லலாம். மான்செஸ்டரில் துணி வணிகக் கிடங்குகளில் வேலை செய்தவர்கள் 1843-ல் சனிக்கிழமை அரை நாள் விடுமுறையைக் கேட்டு வாங்கினார்கள். ஆலைகளுக்கு அது 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தால் வந்தது. துணி ஆலைகளில் பெண்களையும் இளம் தொழிலாளர்களையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். சட்டம் ஆண்களைச் சொல்லவில்லை. ஆனால் பெண்களும் பிள்ளைகளும் போன பிறகு ஆலையை ஓட்ட முடியாது என்பதால் ஆண்களுக்கும் சேர்த்தே மணி அடித்தது.

இதற்கு முன் நடந்த போராட்டங்களும் மனுக்களும் கொஞ்சமல்ல. பத்து மணி நேர வேலைக்கான இயக்கமே பல பத்தாண்டுகள் நடந்து 1847-ல்தான் சட்டமானது. அதிலும் ஓட்டை கண்டுபிடித்து ஆட்களை மாற்றி மாற்றி வேலை வாங்கினார்கள். அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1850 சட்டம். அதற்கு விலையாக வார நாட்களில் வேலை நேரம் பத்திலிருந்து பத்தரை மணியாகக் கூடியது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிக்கொண்டார்கள்.

'வீக்கெண்ட்' என்ற சொல்லே இதற்குப் பிறகு வந்ததுதான். 1879-ல் ஒரு ஆங்கில இதழில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. சனிக்கிழமை பிற்பகல் வேலை முடித்து வெளியூர் நண்பர் வீட்டுக்குப் போய் ஞாயிறும் தங்கி வருவதை ஸ்டாஃபர்ட்ஷயர் பக்கம் இப்படிச் சொல்கிறார்கள் என்று. உலகம் முழுக்கப் புழங்கும் சொல், ஒரு காலத்தில் வட்டார வழக்காக இருந்திருக்கிறது. இரண்டு முழு நாள் விடுமுறை என்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு 1926-லும், இங்கே நாட்டிங்ஹாமில் பூட்ஸ் மருந்து நிறுவனம் 1934-லும் ஐந்து நாள் வேலை வாரத்துக்கு மாறின.

இரண்டாவது சனிக்கிழமை: பிளாக்பூல்

நேரம் கிடைத்தால் போதுமா? போய்வர வண்டி வேண்டும், வண்டிக்குக் காசு வேண்டும்.

உலகின் முதல் நகரங்களுக்கிடையிலான நீராவிப் பயணிகள் ரயில் மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் இடையே 1830 செப்டம்பர் 15-ல் ஓடத் தொடங்கியது என்பது பாடப்புத்தகத்தில் வரும் செய்தி. ஆனால் தொழிலாளியை மனதில் வைத்து யாரும் ரயில் விடவில்லை. மூன்றாம் வகுப்பு என்பது பல தடங்களில் கூரையில்லாத சரக்குப் பெட்டிதான். 1841 டிசம்பர் 24 அன்று சோனிங் என்ற இடத்தில் மண்சரிவில் ஒரு ரயில் மோதியது. கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளிகள் திறந்த பெட்டிகளிலிருந்து தூக்கி வீசப்பட்டு ஒன்பது பேர் இறந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விபத்துக்குப் பின் எழுந்த கேள்விகளோடு வந்தது 1844-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். ஒவ்வொரு தடத்திலும் நாளுக்கு ஒரு ரயிலாவது மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்காக ஓட வேண்டும். பெட்டிக்குக் கூரை வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக் கூடாது. வேகம், நிற்கும் நேரத்தையும் சேர்த்து, சராசரியாக மணிக்கு 12 மைலுக்குக் குறையக் கூடாது. இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் பாசஞ்சர் ரயில் ஞாபகம்தான் வந்தது.

சுற்றுலா என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப் போனார். இதுதான் முதல் சுற்றுலா ரயில் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. அதற்கு முந்தைய ஆண்டே லெஸ்டர், நாட்டிங்ஹாம் தொழிலாளர் கல்விக் கழகங்கள் இப்படி ரயில் ஏற்பாடு செய்திருக்கின்றன. குக் அதைத் தொழிலாக்கினார் என்பதே சரி. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஏறத்தாழ 60 லட்சம் பார்வையாளர்களில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அவர் ஏற்பாட்டில் போனவர்கள். அவர் தொடங்கிய நிறுவனம் 2019 செப்டம்பரில் திவாலானது.

பிளாக்பூலுக்கு ரயில் வந்தது 1846-ல். கடற்கரையில் இருக்கும் இரும்புக் கோபுரம் 1894-ல் திறந்தது. உயரம் 518 அடி. பாரிஸ் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது. நான் போன அன்று மழை, காற்று, குளிர் மூன்றும் சேர்ந்து அடித்தன. குடை திரும்பிக்கொண்டது. கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. மெரினாவைப் பார்த்தவனுக்கு இது ஒரு கடற்கரையா என்றுதான் தோன்றும்! ஆனாலும் கூட்டம் இருந்தது. பாட்டிகள் போர்வை போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு படித்தபோதுதான் காரணம் புரிந்தது. லங்காஷயர் ஆலை நகரங்களில் 'வேக்ஸ்' என்று ஒரு வாரம் உண்டு. முதலில் ஊர்த் தேவாலயத் திருவிழாவாக இருந்தது. அந்த நாட்களில் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்பதால் ஆலையே மூடிவிடும், அப்போது கொதிகலனைச் சுத்தம் செய்துகொள்வார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். அந்த வாரம் ஊரே காலியாகி பிளாக்பூலில் இருக்கும். செலவுக்கு வருடம் முழுக்க வாரா வாரம் சில பென்னி கட்டிச் சேர்ப்பார்கள். அச்சு அசல் நம்ம தீபாவளிச் சீட்டுதான். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கான சட்டம் 1938-ல்தான் வந்தது. போர்வை போர்த்திய பாட்டிகளுக்கு அந்தக் கடற்கரை அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அது அவர்களுடைய அம்மாக்கள் சீட்டுக் கட்டி வாங்கிய கடல்.

மூன்றாவது சனிக்கிழமை: டார்வென்

டார்வெனுக்கு மான்செஸ்டரிலிருந்து போல்டன் வழியாக பிளாக்பர்ன் போகும் ரயிலில் போகலாம். சுற்றுலா போகிறவர்கள் யாரும் அங்கே இறங்குவதில்லை. நான் போனது ஒரு புகைப்படத்துக்காக. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆலைப் பெண்கள் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்ய, நடுவில் வெள்ளைத் துணி போர்த்தியபடி காந்தி நிற்பார்.

1931-ல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்த காந்தி, செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு வாரக் கடைசியை லங்காஷயரில் கழித்தார். செப்டம்பர் 26, சனிக்கிழமை அவர் டார்வெனில் இருந்தார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் எங்கள் ஆலைகள் மூடுகின்றன, வந்து பாருங்கள் என்று அழைத்தவர்கள் ஓர் ஆலை முதலாளியின் குடும்பத்தினரே. வேலையிழந்தவர்களை அவர் சந்தித்தார். அவர்கள் துன்பத்தைக் கேட்டார். இங்கே வேலையில்லாதவருக்குக் கிடைக்கும் உதவித்தொகையையும் இந்தியக் கிராமத்தானின் வருமானத்தையும் ஒப்பிட்டுப் பேசினார். பகிஷ்காரத்தைக் கைவிடுவதாகச் சொல்லவில்லை. அப்படியும் அவர்கள் அவரை வாழ்த்தித்தான் அனுப்பினார்கள்.

அந்த ஊர்த் தெருவில் நடக்கும்போது ஒன்று தோன்றியது. 1931-ல் டார்வென்காரர்களுக்கு வாரம் முழுக்க ஓய்வுதான். ஆனால் அதை யாராவது விடுமுறை என்று சொல்வார்களா? கையில் வேலையும் கூலியும் இருந்து, அதற்கு நடுவே கிடைக்கும் ஓய்வுதான் விடுமுறை. கொரோனா காலத்தில் கம்பெனிகள் மூடிக்கிடந்தபோது அப்பா வீட்டிலேயே இருந்தார். ஒரு நாளும் அவர் ஓய்வாக இருந்து நான் பார்க்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை: கிண்டர்

இனி அப்பா கேட்ட மலை.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிறது கிண்டர் ஸ்கௌட். உயரம் 636 மீட்டர். நம்ம மலைகளோடு ஒப்பிட்டால் மேடு என்றுதான் சொல்ல வேண்டும். மேலே மரம் கிடையாது. புல், புதர், கால் வைத்தால் உள்ளே இழுக்கும் கறுத்த சதுப்பு மண். ஆனால் இரண்டு பக்கமும் புகை கக்கும் நகரங்கள். ஆறு நாள் புகையில் இருந்தவர்களுக்கு ஏழாம் நாள் அந்தக் காற்று தேவைப்பட்டது. 1930-களில் ஞாயிற்றுக்கிழமையானால் ஆயிரக்கணக்கானவர்கள் மான்செஸ்டரிலிருந்து ரயிலேறி மலைப்பக்கம் போவார்களாம்.

ஆனால் மலைமேல் ஏற அனுமதி இல்லை. அது டெவன்ஷயர் பிரபு முதலான நிலவுடைமையாளர்களின் வேட்டைக்காடு. க்ரௌஸ் என்ற ஒருவகைக் காட்டுக்கோழியைச் சுடுவதற்காக அந்த மேட்டு நிலத்தை வைத்திருந்தார்கள். வருடத்தில் சில நாட்கள் வேட்டை. மீதி நாட்களில் யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ளக் காவலர்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்டு என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் சில நூறு பேர் கூடினார்கள். பெரும்பாலும் மான்செஸ்டர் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், பாதிப் பேருக்கு வேலை இல்லை. அவர்களுக்குத் தலைமை தாங்கிப் பேசியவர் பென்னி ராத்மன். வயது இருபது. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று சைக்கிளில் வந்து சேர்ந்தார். அறிவித்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, கூட்டமாக மலையேறினார்கள். பாதி வழியில் தடியோடு காவலர்கள் நின்றார்கள். கைகலப்பு நடந்தது. காவலர் ஒருவருக்குக் காயம். ஷெஃபீல்டு பக்கமிருந்து ஏறி வந்தவர்களை மேலே சந்தித்து மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டு இறங்கினார்கள். கீழே போலீஸ் நின்றது.

பிறர் நிலத்தில் நுழைவது அன்றைக்குக் குற்றவியல் குற்றமே அல்ல. அதனால் கலகம் செய்யக் கூடியதாக வழக்குப் போட்டார்கள். டெர்பி நீதிமன்றத்தில், ராணுவ அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் நிறைந்த நடுவர் குழு முன் வழக்கு போனது. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

இந்த ஒரு நாளால்தான் எல்லாம் மாறியது என்று சொன்னால் அது மிகை. மலையேறுவோர் சங்கத்தின் தலைவர்களே அன்று இதை எதிர்த்தார்கள். பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. அவர்கள் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்தவர்கள், கூட்டம் போட்டவர்கள். அந்த உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் தண்டனையின் கடுமை பலரைக் கோபப்படுத்தி, விஷயத்தை நாடு முழுக்கப் பேச வைத்தது. தேசியப் பூங்காக்கள் சட்டம் 1949-ல் வந்தது. நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக 1951-ல் அறிவிக்கப்பட்டது இந்த மலை இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட். மலைகளிலும் மேட்டு நிலங்களிலும் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்தது. அதுவும் இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்குத்தான். 2002-ல், எழுபதாம் ஆண்டு நினைவு நாளில், அன்றைய டெவன்ஷயர் பிரபு தன் தாத்தா காலத்தில் நடந்ததற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ராத்மன் காலமாகியிருந்தார்.

ஹேஃபீல்டுக்கு இப்போது ரயில் இல்லை. 1970-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் இருந்த இடம் நடைபாதையாகிவிட்டது. கல்குவாரியில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். நான் போன அன்று அதன் பக்கத்தில் ஒரு குடும்பம் கார் டிக்கியைத் திறந்துவைத்து டீ குடித்துக்கொண்டிருந்தது. யாரும் பலகையைப் பார்க்கவில்லை. நானும் அன்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன், அவ்வளவுதான்.

நம்ம ஞாயிற்றுக்கிழமை

இங்கே நிறுத்தினால் வெள்ளைக்காரன் கதை என்று ஆகிவிடும். நம்ம ஊருக்கு வார விடுமுறை எப்படி வந்தது?

பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1880-களில் மனு மேல் மனுக் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் பூலேயின் தோழர், ஆலையில் வேலை பார்த்தவர். அவர் 1884-ல் கூட்டிய கூட்டங்களின் முக்கியக் கோரிக்கை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பம்பாய் ஆலை முதலாளிகள் 1890 ஜூனில் இறங்கி வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1891 இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரம் ஒரு நாள் விடுமுறை எழுதப்பட்டது.

இதில் மான்செஸ்டருக்கும் ஒரு பங்கு உண்டு. 1870-களிலிருந்தே இந்தியாவுக்கும் தொழிற்சாலைச் சட்டம் வேண்டும் என்று லண்டனை நெருக்கியவர்களில் லங்காஷயர் ஆலை முதலாளிகள் முக்கியமானவர்கள். நம் தொழிலாளி மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இரவு பகலாக ஓடும் பம்பாய் ஆலைகள் தங்கள் துணி வியாபாரத்துக்குப் போட்டியாகிவிடும் என்ற பயம். ஆக, நம் வார விடுமுறை லோகண்டேயின் பாடுபடலாலும், லங்காஷயர் முதலாளியின் பொறாமையாலும் சேர்ந்து கிடைத்தது. வரலாறு இப்படித்தான், நல்லவர்கள் மட்டும் சேர்ந்து எழுதுவதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்றது. இதெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் ஒரு நாளின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடம் தரும் மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணிதான், நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் விடுமுறை எடுக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நிறுத்திவைத்த நாள் ஏப்ரல் 24. கிண்டர் மலையேறிய அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் மறக்காது.

காகிதத்தில் எட்டு மணி நேரம் இருக்கிறது. அப்பா பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். ஓவர்டைம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது என்பார். உண்மைதான். மாணவர் விசாவில் இங்கே படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த நேரத்தை வார நாட்களிலும் ஞாயிறு மாலையிலும் தீர்த்துவிட்டு சனிக்கிழமையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் பலருக்கு அதுவும் முடிவதில்லை. எனக்கு அது முடிகிறது என்றால் அங்கே ஒருவர் ஞாயிறும் வேலைக்குப் போவதால்தான். இதைப் படித்து முடித்ததில் என் குற்ற உணர்ச்சி போய்விட்டது என்று பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது தெரிந்தது. நான் சனிக்கிழமை மலைக்குப் போவதில் தப்பு இல்லை. அப்பாவுக்கு ஒரு ஞாயிறு கிடைக்காததில்தான் தப்பு இருக்கிறது.

அடுத்த வாரம் பேசும்போது ராத்மன் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"நடந்ததுக்கா ஜெயில்ல போட்டாங்க?"

"ஆமாங்கப்பா. நாலு மாசம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பறம் அந்தப் பையனுக்கு வேலை கெடச்சுதா?"

அப்பாவுக்கு அதுதான் முக்கியம். கிடைத்தது, மான்செஸ்டர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார், தொழிற்சங்கத்திலும் இருந்தார், தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார் என்றேன்.

"செரி, நல்லா இருந்தாச் செரி. நீ மழைல நனையாம போய்ட்டு வா" என்று வைத்துவிட்டார்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போனதும் அவரை ஒரு ஞாயிறு வேலைக்கு விடாமல் எங்காவது கூட்டிப்போக வேண்டும். திருமூர்த்தி மலையாக இருந்தால் நல்லது. கோயிலும் இருக்கிறது, சும்மா நடக்கவும் செய்யலாம்.